தன்விவரக் குறிப்பும் ஒரு சாட்சியமே

(இவ்வாண்டு பட்டம் பெற்ற மாணவ மாணவியர்க்கான பாராட்டுக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



இத்தகைய கூட்டங்களில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அச்சிறப்பை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. அதை அறிந்ததனால்தான் உங்கள் பெற்றோரில் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைச்சாலை வழியே ஏலத்தோட்டங்களுக்குச் சென்று உழைத்து உங்களைப் படிக்க வைத்தார்கள். ஆகவே, பட்டம் கைக்கு வந்த மறுநாள் எழுகின்ற கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் முதன்முதலாக எழுதுகின்ற தன்விவரக் குறிப்பு, அதாவது நம் மக்கள் பயோடேட்டா என்றும் இன்றைய பிள்ளைகள் ரெஸ்யூம் என்றும் சொல்லுகின்ற அந்த ஒற்றைத் தாள், எப்படி அமைய வேண்டும் என்பதே நம் தலைப்பு.

பள்ளிவாசல் இமாமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நன்னடத்தைச் சான்றுக்காகவும், பரிந்துரைப்பவர் என்று பெயர் எழுதிக்கொள்வதற்காகவும் ஆண்டுதோறும் பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். அவர்களின் கையிலுள்ள தாள்களை நாம் வாசிக்கிறோம். இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சிலர் தம்மிடம் இருப்பதை எழுதவே கூச்சப்படுகிறார்கள். வேறு சிலர் தம்மிடம் இல்லாததை எழுதிவிடுகிறார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், உள்ளதை உள்ளபடி சொல்லாமை என்னும் ஒரே குறையின் இரு பக்கங்களே ஆகும்.

உள்ளதைச் சொல்வது பெருமையடித்தல் ஆகாது

முதற் குறையை எடுத்துக்கொள்வோம். தற்பெருமை கூடாது என்று சிறு வயது முதல் நாம்தான் மக்தபில் உங்களுக்குக் கற்பித்தோம். அதனால் தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னால் பிள்ளைகளின் கை தயங்குகிறது. ஆனால் திருக்குர்ஆன் கூறும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சிந்தியுங்கள். எகிப்து நாட்டைப் பஞ்சம் நெருங்கி வந்த வேளையில், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அரசரிடம் அவர்களே கேட்டார்கள். தம் அழகையோ, தம் குடும்பச் சிறப்பையோ அவர்கள் முன்வைக்கவில்லை. தாம் 'ஹஃபீழ்' என்றும் 'அலீம்' என்றும் இரண்டே தகுதிகளைக் கூறினார்கள். பொருளைப் பாதுகாப்பவர், அத்துறையை அறிந்தவர் என்பது அதன் கருத்து. களஞ்சியப் பணிக்கு வேண்டியவை அவ்விரண்டுமே. மக்கள் நலனுக்காகத் தேவை ஏற்படுமிடத்தில் ஒருவர் தம் தகுதியை உள்ளபடி எடுத்துச் சொல்வது கூடும் என்பதற்கு விரிவுரையாளர்கள் இவ்வரலாற்றைச் சான்றாகக் காட்டுவார்கள்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். மத்யன் நகரில் அவர்களைப் பணியில் அமர்த்திக்கொள்ளுமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்தவர் ஒரு பெண்மணி. வலிமையுள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்பதே அவர் கூறிய காரணம். கேள்விப்பட்டதை வைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. தம் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததையும், கண்ணியமாக நடந்துகொண்டதையும் நேரில் கண்டிருந்தார். ஒருவரைப் பரிந்துரைப்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

இல்லாததைச் சொல்வது பொய்ச்சாட்சியம்

இரண்டாவது குறைக்கு வருவோம். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஏலக்காய் வணிகத்தில் பிழைக்கும் நம் ஊராருக்கு இந்த நபிமொழியின் பொருள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். செயற்கையாகப் பச்சை நிறம் ஏற்றிய காயை விற்பவரை நாம் என்னவென்று சொல்கிறோம்? வேலை பார்க்காத நிறுவனத்தின் பெயரில் அனுபவக் கடிதம் வாங்கி இணைக்கும் பட்டதாரியும் அதே காரியத்தைத்தான் செய்கிறார்.

மனிதர்களின் விவரங்களைத் திரட்டிச் சரிபார்ப்பதற்கென்றே நம் முன்னோர் ஒரு கலையை வளர்த்தார்கள். 'அஸ்மாஉர் ரிஜால்' என்பது அதன் பெயர். ஹதீஸ்களை அறிவித்த ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எவரிடம் கற்றார், எந்த ஊர்களுக்குப் பயணம் செய்தார், எந்த ஆண்டில் இறந்தார் என்பன அதில் பதிவாயின. ஹிஜ்ரி 256இல், அதாவது கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் 'அத்தாரீகுல் கபீர்' என்னும் நூல் பல்லாயிரம் அறிவிப்பாளர்களின் விவரங்களைக் கொண்டது. ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். நேர்மை ஒன்று, கேட்டதைப் பிசகாமல் காத்துச் சொல்லும் துல்லியம் மற்றொன்று. ஓர் ஆசிரியரிடம் தாம் கேட்டதாக ஒருவர் கூறினால், அந்த ஆசிரியர் இறந்த ஆண்டையும் இவர் பிறந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக் கணக்கு பொருந்தாவிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும்.

இன்றைய நிறுவனங்களும் அதையே செய்கின்றன. 2014ஆம் ஆண்டு முதல் வருங்கால வைப்புநிதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்னும் நிரந்தர எண் வழங்கப்படுகிறது. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அந்தக் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். நிறுவனங்கள் அதைப் பார்க்கின்றன. வளைகுடா நாடுகள் சிலவற்றுக்குச் செல்லும்போது பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டின் தூதரகம் எனப் படிப்படியாகச் சான்றொப்பம் பெற வேண்டியுள்ளது. பொய் ஆவணத்தோடு அந்நிய மண்ணில் பிடிபட்டால் வேலை போவதோடு முடிவதில்லை. வழக்கும் சிறையும் வரக்கூடும். பிள்ளையை அனுப்பக் கடன் வாங்கிய குடும்பம் இங்கே தத்தளிக்கும்.

ஒரு தம்பியின் தாள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி நம்மிடம் வந்தார். வணிகவியல் பட்டதாரி. அவருடைய தாளில் வெளியூர் நிறுவனம் ஒன்றில் இரண்டாண்டு கணக்காளராக இருந்ததாக எழுதியிருந்தது. அந்த இரண்டாண்டுகளும் அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். பணம் கொடுத்தால் அனுபவக் கடிதம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாம் கையொப்பமிடவில்லை. "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஹஜ்ரத்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து இஷா தொழுகைக்குப் பின் மீண்டும் வந்தார். படித்த காலத்தில் விடுமுறை நாள்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். தோட்டத்தில் அத்தாவுக்கு உதவியாக இருந்தேன் என்றார். என்ன உதவி என்று துருவிக் கேட்ட பிறகே விவரம் வந்தது. மூன்று அறுவடைக் காலங்களில் 35 தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்திருக்கிறார். பறித்து வந்த பச்சைக் காயை எடை போட்டு எழுதியிருக்கிறார். வாரக் கூலிப் பட்டியலைக் கணினியில் எக்ஸெலில் தயாரித்திருக்கிறார். "அத்தாவோடு தோட்டத்தில் நின்றதையெல்லாமா எழுதுவது ஹஜ்ரத், படிப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று கேட்டார்.

பொய்யை எழுதக் கூசாத கை, தந்தையோடு உழைத்த உண்மையை எழுதக் கூசியது. இதுவே நமக்கு வேதனை அளித்தது. அந்தப் பொய் வரியை நீக்கி, இந்த உண்மையை எண்ணிக்கையோடும் ஆண்டுகளோடும் எழுத வைத்தோம். அவருக்கு அழைப்பு வரச் சில மாதங்கள் ஆயின. மதுரையில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பொய்க் கடிதம் காட்டியவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தைவிட அது குறைவுதான். உண்மைக்கு விலை உண்டு என்பதை உங்களிடம் மறைக்க மாட்டோம். ஆனால் நேர்காணலில் அவரிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அந்த மூன்று அறுவடைக் காலங்களைப் பற்றியவையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவரால் தயங்காமல் விடை சொல்ல முடிந்தது.

நம் ஏல மையம் கற்பிக்கும் பாடம்

ஏலத்தை ஏலம் விடும் ஊர் நம் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நம் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடைபெறுகிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வியாபாரிகளின் முன் வைக்கப்படுகிறது. அவர்கள் காயைப் பிளந்து, விதையின் நிறத்தைப் பார்த்து, முகர்ந்து விலை கேட்கிறார்கள். சாக்கின் மீது "மிகச் சிறந்த காய்" என்று எழுதியிருப்பதால் விலை ஏறுவதில்லை. காய் 7 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா, ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை எத்தனை கிராம் என்பதுதான் பேச்சு.

தன்விவரக் குறிப்பும் ஒரு மாதிரிதான். கடின உழைப்பாளி, தலைமைப் பண்புடையவர், குழுவாக இயங்குபவர் என்னும் சொற்களெல்லாம் சாக்கின் மீது எழுதும் சொற்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு, எதைக் கொண்டு என்பவையே அளவுகள். தங்கள் ஒவ்வொரு வரியையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். "டியூஷன் எடுத்தேன்" என்று எழுதும் சகோதரி, "மூன்றாண்டுகளாக 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான 14 மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தேன்" என்று எழுதினால் அதன் எடையே வேறு.

மற்றொன்றும் உண்டு. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் 1 கிலோ உலர்ந்த ஏலக்காய் கிடைக்கிறது. நீர் போகிறது, மணம் நிற்கிறது. உங்கள் 21 ஆண்டு வாழ்க்கையையும் அப்படியே உலர்த்தி ஒரு பக்கத்தில் அடக்குங்கள். புதிய பட்டதாரிக்கு ஒரு பக்கமே போதும்.

ராமானுஜன் எழுதிய விண்ணப்பம்

நம் தமிழகத்தின் கணித மேதை ராமானுஜன் வேலை தேடிய வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். கணிதத்தில் ஒப்பற்றவராக இருந்தும் பிற பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் எழுத்தர் பணிக்கு அவர் எழுதிய விண்ணப்பம் சில வரிகளே கொண்டது. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்ததாகச் சொன்னாரே தவிர, தேறியதாகச் சொல்லவில்லை. சூழ்நிலையால் படிப்பைத் தொடர இயலவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். அதன்பின் தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலுத்தி வருவதையும், பணியைச் சரிவரச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையையும் தெரிவித்தார். மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரைக் கடிதத்தை இணைத்தார். 1912 மார்ச் 1 அன்று 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் பணியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும், தாம் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். தம் திறமைக்குச் சான்றாக, தாம் கண்டறிந்த கணித முடிவுகளையே தாள் தாளாக இணைத்தார். குறையை மறைக்காமை, நிறைவைச் சான்றோடு காட்டுதல், அறிந்தவர் ஒருவரின் பரிந்துரை ஆகிய மூன்றும் அந்த விண்ணப்பங்களில் இருந்தன. தேர்வில் தவறிய தம்பிமார்கள் இதை மனத்தில் வையுங்கள்.

எழுதும் முறை

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவதாக, நிக்காஹுக்குக் கொடுக்கும் பயோடேட்டா வேறு, வேலைக்குக் கொடுப்பது வேறு. உயரம், நிறம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, தாத்தாவின் பெயர் ஆகியவை நிறுவனத்திற்குத் தேவையில்லை. பெயர், ஊர், தொலைபேசி எண், மின்னஞ்சல் போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். விளையாட்டாக வைத்த பட்டப் பெயர்கள் வேண்டா.

இரண்டாவதாக, குறிக்கோள் என்ற தலைப்பில் கணினி மையத்தில் எல்லோருக்கும் ஒட்டித் தரும் அதே வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதில், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியத்திற்குரிய தகுதிகளை மட்டும் சொன்னதைப் போல, ஒவ்வொரு பணிக்கும் அந்த வரிகள் மாற வேண்டும்.

மூன்றாவதாக, கல்வி விவரத்தில் கடைசியாகப் படித்ததை முதலில் எழுதுங்கள். பட்டம், கல்லூரி, பல்கலைக்கழகம், ஆண்டு, மதிப்பெண் என்ற வரிசை போதும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி முடித்திருந்தால் அதன் பெயரையும் ஆண்டையும் சேருங்கள். திருமணத்தாலோ, பெற்றோரின் நோயாலோ இடைவெளி ஏற்பட்டிருந்தால் அதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். ஆண்டுகளை நீட்டி அந்த இடைவெளியை மூட முயல வேண்டா.

நான்காவதாக, நேர்காணலில் உடனே செய்து காட்டக்கூடியதை மட்டும் திறன் என்று எழுதுங்கள். டேலி தெரியும் என்று எழுதினால், ஒரு பற்றுச்சீட்டைப் பதிவு செய்யச் சொன்னால் செய்ய வேண்டும். மொழிகளில் மலையாளத்தை மறவாதீர்கள். மலை ஏறினால் பேசுகின்ற மொழியைக் கீழே இறங்கியதும் நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். கேரளத்தோடு வணிகம் செய்யும் நிறுவனத்திற்கு அது பெரிய தகுதி. அரபு மொழியை எழுதும்போது மட்டும் கவனம் தேவை. குர்ஆனை ஓதத் தெரிவதும் அரபியில் பேசத் தெரிவதும் ஒன்றல்ல. வாசிக்கத் தெரியும், பேசத் தெரியாது என்றே எழுதுங்கள். இல்லையேல் வளைகுடா முதலாளி அரபியில் நலம் விசாரிக்கும்போது விழிக்க நேரிடும்.

ஐந்தாவதாக, பல பெரிய நிறுவனங்களில் இத்தாளை முதலில் வாசிப்பது கணினி மென்பொருள். வண்ணக் கட்டங்களும் படங்களும் நிறைந்த தாள்களை அது சரியாக வாசிப்பதில்லை. எளிய எழுத்தில், தெளிவான தலைப்புகளோடு அமைத்து, பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரும் உங்கள் பெயராகவே இருக்கட்டும். அனுப்புமுன் வேறு இருவரிடம் கொடுத்து எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறாவதாக, பரிந்துரைப்பவராக ஒருவரின் பெயரை எழுதுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். நம்மிடம் தொலைபேசியில் கேட்கிறார்கள். நாம் நேரில் அறிந்ததை மட்டுமே சொல்ல முடியும். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட ஆசிரியரோ, தோட்ட மேலாளரோ, கடை முதலாளியோ நம்மைவிடச் சிறந்த சாட்சி.

இறுதியாக ஒன்று. நம் நாட்டில் இத்தாள்களின் முடிவில், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி எழுதி, இடமும் தேதியும் இட்டுக் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. பெரும்பாலோர் அதை வாசிப்பதே இல்லை. அது ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம். பெரும் பாவங்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச்சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. அந்தக் கையொப்பத்தை இடும்போது அதை நினைவில் கொள்ளுங்கள்.

ஜமாஅத்தின் பொறுப்பு

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் வங்கியிலும் பள்ளியிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியோர்கள் இருக்கிறார்கள். வெளியூர் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, அவர்கள் புதிய பட்டதாரிகளின் தாள்களை வாசித்துத் திருத்தித் தந்தால் போதும். பெண் பிள்ளைகளின் தாள்களைப் பார்க்கப் படித்த சகோதரிகள் முன்வர வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு பேனாவும் ஒரு பாயும் போதுமானவை. பணம் கொடுத்துப் பொய்க் கடிதம் வாங்கும் நிலைக்கு நம் பிள்ளைகளைத் தள்ளுவது, கேட்பதற்கு ஆளில்லாத தனிமைதான். அதைப் போக்குவது ஜமாஅத்தின் கடமை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தோட்டத்தில் உங்களோடு உழைத்ததைத் தாளில் எழுதும்போது தடுக்காதீர்கள். "என் பிழைப்பு என்னோடு போகட்டும்" என்று சொல்லாதீர்கள். அந்த உழைப்பு ஹலாலானது. அது எழுதப்படத் தகுதியானது.

ரிஸ்க் இறைவனிடம் உள்ளது. அதைத் தேடும் வழி நேரானதாக இருக்க வேண்டும் என்பதே நம்மிடம் கேட்கப்படுவது. நம் பிள்ளைகளின் கைகள் உண்மையை எழுதவும், அந்த உண்மை அவர்களுக்குப் போதுமான வாழ்வாதாரத்தைப் பெற்றுத் தரவும், அவர்களின் பெற்றோருடைய கண்கள் குளிரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.